பணம் தர வேண்டிய கம்பெனி திவாலானால் எந்தக் கதவைத் தட்டுவது?

சிறு சப்ளையர்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. மாதத்துக்கு ஒருவராவது பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்பார்: "அந்தக் கம்பெனி தள்ளாடுதுன்னு பேச்சு வருது சார். எம்எஸ்எம்இ-ல போடலாமா, என்சிஎல்டி போகலாமா, செக் கேஸ் போடலாமா?" முதலாவது சிறு தொழில்களின் பாக்கிப் புகாரைக் கேட்கும் கவுன்சில், இரண்டாவது கம்பெனித் திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம். வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு நிற்பவர்களின் பட்டியல் வேறு: வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரெராவா, நுகர்வோர் ஆணையமா, திவால் வழக்கில் சேர்வதா?

நான் பதிலுக்கு ஒன்றைத்தான் முதலில் கேட்பேன். கம்பெனி மேல் திவால் உத்தரவு வந்துவிட்டதா, இல்லையா? முந்தின நாள் வரை திறந்திருந்த பாதிக் கதவுகள் அந்த உத்தரவோடு சாத்திக்கொள்ளும்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் பதிவான கம்பெனிகளுக்கும், எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். தனி ஆள் நடத்தும் கடைக்குச் சட்டமே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். வங்கி முங்கினால் அதுவும் வேறு கதை. அங்கே ஒரு டெபாசிட்தாரருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

## எதை வைத்து முடிவெடுப்பது

உத்தரவு தேதி முதல் அளவுகோல். இரண்டாவது, பணம் பங்கிடும்போது நீங்கள் வரிசையில் எங்கே நிற்பீர்கள் என்பது. மூன்றாவது, கையை விட்டுப் போகும் செலவும் காலமும். நான்காவது, கம்பெனியைத் தாண்டி ஒரு ஆளைப் பிடிக்க முடியுமா: செக்கில் கையெழுத்திட்ட இயக்குநர், தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர், கார்டு கொடுத்த வங்கி. ஐந்தாவது உங்கள் காகிதம். எதிராளி "சரக்கு சரியில்லை" என்று முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் சில வழிகள் அத்தோடு அடைபடும்.

தொகை எவ்வளவு என்பதை நான் அளவுகோலாகவே வைப்பதில்லை. அது எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பணம் வருமா என்பதைச் சொல்லாது.

| வழி | யாருக்கு | உத்தரவுக்குப் பின் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| பேசித் தீர்ப்பது | எல்லோருக்கும் | கம்பெனியால் தனியாகத் தர முடியாது | மூன்றாண்டுக் காலவரம்பு ஓடிவிடும் |
| எம்எஸ்எம்இ கவுன்சில் | குறு, சிறு உற்பத்தியாளர், சேவை தருபவர் | நின்றுவிடும் | அந்த வாடிக்கையாளர் உறவு முறியும் |
| என்சிஎல்டி-யில் 9-ஆம் பிரிவு மனு | 1 கோடிக்குக் குறையாத பாக்கி | தேவையே இல்லை | ஜெயித்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் |
| செக் வழக்கு | செக் கையில் இருப்பவர் | கம்பெனிக்கு எதிரானது நின்றுபோகும், இயக்குநர் மேல் ஓடலாம் | தேதிக் கணக்கு |
| உரிமைக் கோரிக்கைப் படிவம் | எல்லோருக்கும் | இதுதான் பிரதான வழி | தவறவிட்டால் கடனே அழிந்துபோகலாம் |
| ரெரா, நுகர்வோர் ஆணையம் | வாடிக்கையாளர் | கம்பெனிக்கு எதிரானது நின்றுபோகும் | உத்தரவு கையில், பணம் காற்றில் |

## அந்த ஒரு தேதி என்ன செய்கிறது

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் மனுவை ஏற்று என்சிஎல்டி போடுவதுதான் நான் சொல்லும் உத்தரவு. அன்றே 14-ஆம் பிரிவின்படி தடைக்காலம் தொடங்குகிறது. கம்பெனிக்கு எதிரான வழக்கு, ஜப்தி, வசூல் எல்லாம் அப்படியே நிற்கும். நிர்வாகம் முதலாளி கையிலிருந்து தீர்வு நிபுணர் கைக்குப் போகும். தொழில் வட்டாரத்தில் அவரை ஆர்பி என்பார்கள். அதற்கு மேல் முதலாளியிடம் "எனக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டுப் பயனில்லை. அவர் செக் புத்தகத்தைத் தொட முடியாது.

கம்பெனியைக் கலைத்தால் பணம் எந்த வரிசையில் இறங்கும் என்பது 53-ஆம் பிரிவில் இருக்கிறது. முதலில் திவால் நடவடிக்கையின் செலவுகள். அடுத்து, சரிசமமாக, தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் வங்கிகளின் கடனும். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. அதன்பின் அடமானமில்லாத நிதிக் கடன், அப்புறம் அரசு பாக்கி. அதற்கும் கீழே "மீதமுள்ள கடன்கள்" என்று ஒரு பந்தி இருக்கிறது. சரக்குக் கொடுத்தவர் உட்காருவது அங்கேதான். அவருக்குப் பின்னால் பங்குதாரர்கள் மட்டுமே. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் இந்தப் பங்கீட்டுக்குள் வரவே வராது. அவை ஊழியருடையவை.

பலர் கவனிக்காத ஒன்று: உத்தரவுக்குப் பின், கம்பெனி ஓடிக்கொண்டிருக்க நீங்கள் கொடுக்கும் சரக்கு "நடவடிக்கைச் செலவு" ஆகிறது. பழைய பில் கடைசிப் பந்தியில், புதுப் பில் முதல் பந்தியில்.

அட்டைப்பெட்டி செய்யும் ஒருவர் என்னிடம் கணக்கு வைத்திருந்தார். கம்பெனி திவாலானதும் கோபத்தில் லோடு நிறுத்தப் போனார். நான் ஆர்பி-யிடம் பேசி, இனி வரும் பெட்டிக்குப் பணம் எப்போது என்று எழுதி வாங்கச் சொன்னேன். உத்தரவுக்கு முந்தைய பில்லில் அவருக்குக் கடைசியாகக் கிடைத்தது கணக்கில் எழுதக் கூச்சப்படும் தொகை. பிந்தைய பில் ஒன்றுகூட பாக்கி நிற்கவில்லை. பெட்டி அதே பெட்டி, கேட்டும் அதே கேட்.

## பேசித் தீர்ப்பது

உத்தரவு வரவில்லை, கம்பெனி இன்னும் மூச்சு விடுகிறது என்றால் என் ஓட்டு இதற்கே. வக்கீல் செலவில்லை. பத்தில் ஆறு வந்தாலும், மேலே சொன்ன வரிசையில் நிற்பதைவிட மேல்.

இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பாக்கிக்கு மூன்றாண்டுக் காலவரம்பு. "அடுத்த மாசம் தர்றேன்" என்ற வாய்ச்சொல்லில் மூன்று வருடம் போய்விடும். அதற்குள் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்ட கடிதம் ஒன்று வாங்கினால் காலம் அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். கம்பெனி முத்திரையோடு பாக்கி உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு மார்ச் மாதமும் வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, பழைய கடனுக்கு ஈடாக இயந்திரத்தையோ இடத்தையோ எழுதி வாங்குவது. திவால் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் ஒருவரை மட்டும் தூக்கிவிட்ட பரிமாற்றத்தை 43-ஆம் பிரிவின்கீழ் திருப்பிக் கேட்க முடியும். கம்பெனிக்கு நெருங்கியவர் என்றால் இரண்டாண்டு. வழக்கமான வியாபாரப் போக்கில் பில்லுக்கு வந்த பணத்துக்கு இந்தப் பயம் இல்லை.

## எம்எஸ்எம்இ கவுன்சில்

குறு, சிறு நிறுவனமாக உத்யம் என்னும் அரசுப் பதிவு இருந்தால், பணம் 45 நாளுக்குள் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அரசின் எம்எஸ்எம்இ இணையதளத்தில் மனுப் போடலாம். கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எதிராளி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இந்த ஒரு விதிதான் இந்த வழிக்குப் பல் கொடுக்கிறது.

யாருக்கு ஆகாது என்றால், நடுத்தர நிறுவனங்களுக்கு, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு. உத்யம் சான்றிதழ் வியாபாரிக்கும் கிடைக்கும். ஆனால் அது வங்கிக் கடனுக்கான சலுகைக்கு மட்டும். பதிவு, சரக்குக் கொடுத்த தேதிக்கு முன்பே இருப்பது நல்லது. பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பில்லுக்குக் கேட்டால் வம்பு.

பணம் இருந்தும் தராமல் இழுத்தடிக்கும் பெரிய கம்பெனி மேல் இது நன்றாக வேலை செய்யும். பணமே இல்லாத கம்பெனி மேல் இது ஒரு காகிதம். நடுவில் திவால் உத்தரவு வந்தால் கவுன்சில் நடவடிக்கையும் நிற்கும்.

## என்சிஎல்டி-யில் 9-ஆம் பிரிவு

எல்லோரும் ஆசைப்படுவது இதற்கு. நான் தயங்குவதும் இதற்கு.

8-ஆம் பிரிவு நோட்டீஸ், பத்து நாள் அவகாசம், பிறகு மனு. மனுக் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஆனால் பாக்கி 1 கோடியாவது இருக்க வேண்டும். 2016-ல் 1 லட்சமாக இருந்த வரம்பு 2020 மார்ச்சில் இப்படி உயர்ந்தது, அதோடு பெரும்பாலான சிறு சப்ளையர்களுக்கு இந்த வாசல் அடைபட்டது. நாலு பேர் பாக்கியைக் கூட்டி ஒரு கோடியாக்கலாமா என்று கேட்பார்கள். சரக்குக் கடனுக்குக் கூட்டு மனு எடுபடாது.

வரம்பைத் தாண்டினாலும் அடுத்த கண்ணி இருக்கிறது. நோட்டீசுக்கு முன்பே தகராறு இருந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் மனு தள்ளுபடி. 2017-ல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு மனுவுக்காகப் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டியபோது, எட்டு மாதத்துக்கு முன் பர்ச்சேஸ் பையன் அனுப்பிய ஒரு வரி கிடைத்தது: "லாஸ்ட் லாட் குவாலிட்டி நாட் ஓகே, ப்ளீஸ் செக்." எங்கள் ஆள் அதற்குப் பதிலே போடவில்லை. அந்த ஒரு வரிக்காக மனு யோசனையைக் கைவிட்டோம்.

சரி, மனு ஏற்கப்பட்டது, ஜெயித்தீர்கள். என்ன கிடைத்தது? தடைக்காலம். அதாவது நீங்களே உங்களைக் கடைசிப் பந்திக்கு அனுப்பிக்கொண்டீர்கள். கடன்கொடுத்தோர் குழுவில் உட்கார்ந்து ஓட்டுப் போடுவது வங்கிகள். மொத்தக் கடனில் பத்து சதவீதமாவது இருந்தால்தான் உங்களுக்குக் கூட்டத்தில் நாற்காலி. அதுவும் ஓட்டில்லாத நாற்காலி. இடைக்கால ஆர்பி-யின் தொடக்கச் செலவுக்கு மனுதாரர்தான் முதலில் பணம் போட வேண்டியிருக்கும். குழு அமைந்த பிறகு கம்பெனி உங்களோடு சமாதானத்துக்கு வந்தாலும், மனுவைத் திரும்பப் பெறக் குழுவில் 90 சதவீத ஓட்டு வேண்டும். மாட்டை அவிழ்த்து விட்டாயிற்று, கயிறு இப்போது வங்கியின் கையில்.

அதனால் நோட்டீஸ் நிலையில் இது நல்ல ஆயுதம். மனு ஏற்கப்படும் வரை பேரத்துக்கு உதவும். கம்பெனியிடம் பணமும் மானமும் இருந்து, கவனம் மட்டும் இல்லாதபோது நோட்டீசே பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். உண்மையிலேயே முங்கிய கம்பெனிக்கு எதிராக முதல் ஆளாக மனுப் போடுவதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

முன்பணம் கொடுத்துச் சரக்கு வராத வாங்குபவருக்கும் இந்த வாசல் உண்டு. சென்னை மெட்ரோ வேலைக்காக விளக்குப் பொருள்களுக்குக் கொடுத்த 50 லட்சம் முன்பணம் தொடர்பாகக் கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2022-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட முன்பணமும் செயல்பாட்டுக் கடனே (சரக்கு, சேவை தொடர்பான பாக்கி) என்றது. அது பழைய 1 லட்ச வரம்பின் காலத்து வழக்கு.

## செக் வழக்கு

செக் திரும்பினால்: வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர்கள் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்கில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

இதன் பலம், அது மனிதரைப் பிடிக்கிறது. தடைக்காலம் கம்பெனியைக் காக்கும்; கையெழுத்திட்ட இயக்குநரைக் காக்காது என்று 2021 மார்ச்சில் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. 2025 மார்ச்சில் விஷ்ணு மிட்டல் வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது: அந்த 15 நாள் அவகாசம் முடிவதற்குள் தடைக்காலம் வந்துவிட்டால், கணக்கே ஆர்பி கையில் இருக்கும்போது இயக்குநர் எப்படிப் பணம் தருவார் என்று கேட்டு, வழக்கை ரத்து செய்தது.

எனவே செக் திரும்பினால் "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று மாதத்தை ஓட்டாதீர்கள். நோட்டீஸ் அந்த வாரமே போகட்டும்.

## உத்தரவு வந்துவிட்டது: உரிமைக் கோரிக்கை

இங்கே தேர்வே இல்லை, போட்டே ஆக வேண்டும். கட்டணம் கிடையாது. சரக்கு, சேவை கொடுத்தவருக்கு பி படிவம், கடன் கொடுத்தவருக்கு சி, வீடு வாங்கியவர்களைப் போன்ற ஒரே வகையினருக்கு சிஏ, ஊழியருக்கு டி, எதிலும் அடங்காதவருக்கு எஃப். ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரும். கடைசித் தேதி இடைக்கால ஆர்பி நியமனத்திலிருந்து 14 நாள். தவறினால், திவால் தொடங்கியதிலிருந்து 90 நாள் அல்லது தீர்வுத் திட்டம் கேட்டு அழைப்பு வெளியாகும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை தாமதக் காரணத்தோடு போடலாம்.

அதையும் விட்டால்? தீர்வுத் திட்டம் என்சிஎல்டி-யில் ஒப்புதல் பெற்ற பிறகு, அதில் இல்லாத பாக்கி அழிந்துபோகும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷ்யாம் மிஷ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய முதலாளியிடம் பழைய பில்லை நீட்ட முடியாது.

எதிர்பார்ப்பை இறக்கி வையுங்கள். தீர்வு கண்ட கம்பெனிகளில் ஏற்கப்பட்ட கோரிக்கைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கடன்கொடுத்தோருக்குத் திரும்பியிருக்கிறது, அதிலும் பெரும்பகுதி வங்கிகளுக்கு. சட்டத்தின் வெளிவரம்பு 330 நாள். நடப்பில் அதைப் போல் இரு மடங்கு ஆகிறது. சப்ளையருக்கு ஒரு சின்ன ஆறுதல்: கலைத்திருந்தால் அவருக்கு எவ்வளவு வந்திருக்குமோ அதையாவது தர வேண்டும், அதையும் வங்கிகளைப் போல நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கு முந்தித் தர வேண்டும். பெரும்பாலும் அந்த "எவ்வளவு" பூஜ்யம் என்பதுதான் சிக்கல்.

மறைந்த செலவு ஜிஎஸ்டி-யில் இருக்கிறது. பில் போட்ட மாதமே வரியைக் கட்டிவிட்டீர்கள். பணம் வராமல் போனால் அந்த வரி திரும்பாது. வருமான வரியில் மட்டும் வராக்கடன் என்று எழுதித் தள்ளலாம்.

## வீட்டுக்குப் பணம் கட்டியவர்

பில்டர் மேல் உத்தரவு இன்னும் வரவில்லை என்றால், ரெராவும் நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கின்றன. ரெராவில் 18-ஆம் பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். மன உளைச்சல், இழப்பீடு என்று விரிவாகக் கேட்க நுகர்வோர் ஆணையம் வசதி. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டாண்டுக்குள் போட வேண்டும். நிறுவனர்களையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். தடைக்காலம் கம்பெனிக்குத்தான், நிறுவனர்களுக்கு அல்ல என்று 2021-ல் ஒரு வீட்டுத் திட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பில்டரைத் திவாலுக்கு இழுக்க வேண்டுமானால் அதே திட்டத்தில் 100 பேர் அல்லது பத்து சதவீதம் பேர், எது குறைவோ அது, சேர வேண்டும். 2018 முதல் வீடு வாங்கியவர்களும் வங்கியைப் போல நிதிக் கடன் கொடுத்தவர்கள், அதனால் குழுவில் ஓட்டு உண்டு. ஆனால் அந்த வகையில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் எந்தப் பக்கமோ, எல்லோர் ஓட்டும் அந்தப் பக்கம் விழும். வீடே வேண்டும் என்பவர்கள் அதிகம் இருந்தால், பணம் கேட்பவர் அவர்கள் பின்னால் போக வேண்டியதுதான். ஜேபி இன்ஃப்ராடெக் 2017 ஆகஸ்டில் திவாலுக்குள் போய், தீர்வுத் திட்டம் என்சிஎல்டி-யில் ஒப்புதல் பெற்றது 2023 மார்ச்சில். அந்த ஐந்தரை ஆண்டும் வாடகையும் ஈ.எம்.ஐ.-யும் சேர்ந்தே ஓடின. இந்த வழியின் நிஜச் செலவு அது.

ரெரா உத்தரவு வாங்கியவர் சிலருக்கு ஒரு பயம்: "உத்தரவு வாங்கினதால வீடு வாங்கினவர்ங்கிற தகுதி போயிடுமோ?" போகாது. 2023-ல் விஷால் செலானி வழக்கில் அது தீர்ந்தது. சிஏ படிவத்தோடு அந்த உத்தரவையும் இணையுங்கள்.

வீடு வேண்டும், கட்டடம் முக்கால்வாசி எழும்பிவிட்டது என்றால் திவால் வழி பரவாயில்லை. அஸ்திவாரத்தோடு நிற்கிறது, உத்தரவும் வரவில்லை என்றால் ரெராவில் இன்றே பணம் கேளுங்கள்.

## டிக்கெட், சந்தா, சின்னத் தொகைகள்

2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றன. 10-ஆம் தேதி திவால் மனு ஏற்கப்பட்டது. இடையில் ஒரு வாரம்தான். இப்படிப்பட்ட தொகைகளுக்கு வழக்கு வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேளுங்கள். அங்கே நீங்கள் திவாலான கம்பெனியின் வரிசையில் நிற்கவே இல்லை. ரொக்கத்தில் கட்டியவருக்கு இந்த வாசல் இல்லை, உரிமைக் கோரிக்கை மட்டும்தான்.

## மஞ்சள் கடுதாசி

தனி ஆள் கடையும் கூட்டு வியாபாரமும் என்சிஎல்டி-க்கு வராது. அங்கே இன்னும் 1909, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான். "ஐ.பி. போட்டுட்டான், மஞ்சள் கடுதாசி குடுத்துட்டான், இனி ஒன்றும் பண்ண முடியாது" என்று கைகழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கடுதாசி என்பது, திவால் மனுப் போட்டவர் தரப்பு கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் தகவல், அவ்வளவுதான். கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும், சொத்து கோர்ட் நிர்வாகத்துக்குப் போக வேண்டும், பிறகுதான் விடுவிப்பு. மோசடியால் ஏற்பட்ட கடனுக்கு அந்த விடுவிப்பும் பொருந்தாது. கம்பெனியைப் போல முதலாளிக்கும் தொழிலுக்கும் நடுவே சுவர் கிடையாது. வீடும் நிலமும் கணக்கில் வரும். மனுவுக்குச் சற்று முன் மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ சொத்து மாறியிருந்தால் அந்தப் பத்திர நகலை எடுத்துக்கொண்டு, கடுதாசியில் போட்டிருக்கும் வாய்தா தேதியில் வக்கீலோடு கோர்ட்டில் நில்லுங்கள்.